தண்ணீர் லாரி திரும்பும் மூலை

பேப்பரில் எல்லா லாரியும் அழகாகத் திரும்பும். பேப்பருக்கு என்ன வந்தது! அதில் பள்ளம் கிடையாது, குறுக்கே பாயும் சைக்கிள் கிடையாது, டிரைவருக்குக் கழுத்துவலி கிடையாது. அதனால்தான் நகராட்சியில் பொறியாளராக இருந்த அந்தப் பெண் பேப்பரை நம்பவே மாட்டாள். ஊரே அவளைச் 'சுண்ணாம்பு மேடம்' என்று கூப்பிட்டது. முதலில் முதுகுக்குப் பின்னால். அப்புறம் முகத்துக்கு நேராகவே.

ஊருக்குள் யார் பெரிதாக எதைக் கட்டினாலும், அடுக்குமாடியோ கடை வளாகமோ, அதனால் தெருவில் எவ்வளவு வண்டி கூடும், சாக்கடை தாங்குமா, குழாயில் தண்ணீர் போதுமா என்று பார்த்து, 'கட்டலாம்', 'இதை மாற்றினால் கட்டலாம்', 'கட்டவே கூடாது' என்று மூன்றில் ஒன்றைச் சொல்வது அவள் வேலை. கேட்கச் சப்பென்று இருக்கிறதா? அவள் செய்கிற விதத்தைப் பார்த்தால் அப்படிச் சொல்ல மாட்டீர்கள்!

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஓர் அடுக்குமாடியில் தீப்பிடித்தது. யாருக்கும் உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் தீயணைப்பு வண்டி தெரு முனையில் திரும்ப முடியாமல் நின்றுவிட்டது. குடியிருப்பவர்கள் வாளியில் தண்ணீர் சுமந்து ஓட, அந்த டிரைவர் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி சிலை மாதிரி உட்கார்ந்திருந்தார். அந்தக் கட்டிடத்தின் கோப்பில், அவளுக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர், 'வாகனங்கள் தாராளமாகத் திரும்பும்' என்று எழுதியிருந்தார். தாராளமாக! அந்த ஒரு வார்த்தை அவள் தொண்டையில் முள்ளாக மாட்டிக்கொண்டது.

அடுத்த விண்ணப்பம் வந்தபோது அவள் பள்ளிக்கூட மைதானத்துக்குப் போனாள். வரைபடத்தில் இருக்கிற தெருவை அப்படியே, முழு அளவில், சுண்ணாம்புத் தூளால் தரையில் போட்டாள். சுவர் எங்கே வருமோ அங்கே ஒரு கோடு. சாக்கடை எங்கேயோ அங்கே ஒரு கோடு. பிறகு நிஜ வண்டியை, நிஜ டிரைவரோடு கூட்டிவந்து, "ஓட்டுங்க பாக்கலாம்" என்றாள். கோட்டைத் தாண்டாமல் திரும்பினால் பாஸ். தாண்டினால், கட்டுகிறவர் யாராக இருந்தாலும் சுவரைத் தள்ளிப் போட வேண்டியதுதான். இதற்குச் சட்டத்தில் எந்த இடமும் கிடையாது. ஆனாலும் ஒரு பெரிய கடைக்காரர், "சினிமா ஷூட்டிங்கா மேடம்?" என்று சிரித்துக்கொண்டே வந்தவர், தன் சரக்கு லாரி தன் வருங்கால வாசலையே இடித்துக்கொண்டு போவதைக் கண்ணால் பார்த்துவிட்டு வாயடைத்துத் திரும்பினார். அதிலிருந்து யாரும் கேள்வி கேட்பதில்லை.

சுண்ணாம்பும் கோடு போடுகிற தள்ளுவண்டியும் மைதானமும் அவள் மாமாவுடையவை. அதாவது அக்காவின் கணவர், அந்தப் பள்ளியின் விளையாட்டு ஆசிரியர். ஊரில் எந்தப் போட்டி நடந்தாலும் அவர்தான் நடுவர். அவர் 'அவுட்' என்றால் அப்பீலே கிடையாது. ஒரு தடவை பெற்றோருக்கான ஓட்டப்பந்தயத்தில் முதலாவதாக வந்த சொந்தப் பெண்டாட்டியையே, கோட்டை மிதித்தாள் என்று தகுதிநீக்கம் செய்த மனுஷன்! அக்கா அன்றைக்கு வீட்டில் அடுப்பே பற்ற வைக்கவில்லை. "உங்க கோட்டையே வறுத்துச் சாப்பிடுங்க" என்று கதவைச் சாத்திக்கொண்டாள்.

சுண்ணாம்பு மேடம் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டவர்கள் கேட்டுக் களைத்து ஓய்ந்துவிட்டார்கள். அக்கா வீட்டு மாடி அறையில் இருந்தாள். காலையில் கீழே இறங்கினால் அக்கா கையால் காபி, மாமா வாயால் ஒரு கிண்டல். அதுதான் அவள் குடும்பம். அது போதும் என்று இருந்தாள்.

அப்புறம்தான் அக்காவின் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டன.

வாரத்தில் மூன்று நாள் ரத்தத்தைச் சுத்தம் செய்தாக வேண்டும். டயாலிசிஸ். அதற்கான ஆஸ்பத்திரி பக்கத்து நகரத்தில். மாமா பழைய காரில் அழைத்துப் போவார். போகும்போது பேசிக்கொண்டே போகிற அக்கா, திரும்பும்போது பிழிந்து போட்ட துணியாகச் சீட்டில் கிடப்பாள். ஒவ்வொரு வேகத்தடைக்கும் முனகுவாள். வீட்டுக்கு வந்ததும், "ரோடு போட்டவன் எவன்டி, உன் ஆளுங்கதானே?" என்று தங்கையைத் திட்ட மட்டும் எப்படியோ தெம்பு வந்துவிடும்.

அந்த நேரத்தில்தான் ஓர் ஆஸ்பத்திரி நிறுவனம் இந்த ஊரிலேயே, அக்கா வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில், டயாலிசிஸ் மையம் கட்டுவதாக விண்ணப்பம் போட்டது. அது வந்து விழுந்த மேஜை யாருடையது? சுண்ணாம்பு மேடத்தினுடையது!

அவள் நேராக மேலதிகாரியிடம் போனாள். "சார், இத வேற யார்கிட்டயாவது குடுங்க. எங்க அக்கா பேஷன்ட். நான் பாக்கக் கூடாது."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வேற யாரும்மா இருக்கா இங்க? நீ, நான், அந்த ஃபேன். அக்காவுக்காக நீ பாஸ் பண்ணிடுவேன்னு ஒருத்தனும் சொல்ல மாட்டான். ஃபெயில் பண்ணிடுவியோன்னுதான் ஊரே பயந்து கெடக்கு. தலைவரம்மாகிட்ட சொல்லிடறேன். நீயே பாரு."

பார்த்தாள். சாக்கடை சரி. வாகன நிறுத்தம் சரி. தண்ணீர்தான் இடித்தது. இந்தச் சிகிச்சைக்குத் தண்ணீர் குடம் குடமாக வேண்டும், ஓயாமல் வேண்டும். அந்தத் தெருக் குழாயோ சுண்டுவிரல் தடிமன். புதுக் குழாய் வர வருஷக்கணக்காகும் என்று குடிநீர்ப் பிரிவு கையை விரித்துவிட்டது. அதுவரை தினமும் தண்ணீர் லாரி வர வேண்டும். மெயின் ரோட்டிலிருந்து அந்தக் குறுகிய தெருவுக்குள் லாரி ஒரே வளைவில் திரும்பிவிட்டால் பிரச்சினையே இல்லை. திரும்ப முடியாவிட்டால்? நிறுத்தி, பின்னால் வந்து, மறுபடி திரும்ப வேண்டும். பின்னால் வந்தால் அங்கே என்ன இருக்கிறது? பஸ் ஸ்டாப். காலையும் மாலையும் மாமாவின் பள்ளிப் பிள்ளைகள் பையும் கையுமாகத் தள்ளிக்கொண்டு நிற்கிற பஸ் ஸ்டாப்.

வரைபடம், லாரி திரும்பும் என்றது. மதிற்சுவர் மூலையை உரசாமல், மயிரிழையில்.

"மைதானத்தை எப்போ குடுப்பீங்க மாமா?" என்று கேட்டாள்.

மாமா அன்றைக்குக் கிண்டல் செய்யவில்லை. "லீவு நாள்ல வெச்சுக்கலாம்" என்றார். அவ்வளவுதான்.

சோதனை நாளில் மைதானத்தைத் துப்புரவாகப் பெருக்கி, பழைய கோடு எதுவும் இல்லாமல் செய்து, மாமாவே கோடு போட்டார். எப்போதும் போல அளவெடுத்து, எப்போதும் போல நேராக. சுவர் மூலைக்கு ஒரு வளைவு. எதிரே பஸ் ஸ்டாப்புக்கு ஒரு கட்டம். தண்ணீர் லாரிக்காரர் தொட்டி நிறையத் தண்ணீரோடு வந்தார். காலி லாரி திரும்புவது வேறு, நிறைந்த லாரி திரும்புவது வேறு. அதெல்லாம் அவளுக்கு அத்துப்படி.

அவளுக்குப் பயம் பஸ் ஸ்டாப் பக்கம்தான். அதனால் அங்கே போய் நின்றாள். திரும்பும்போது லாரியின் வால்பக்கம் அந்தக் கட்டத்துக்குள் நுழைகிறதா என்று குனிந்து பார்த்தாள். சுவர் மூலையில் மாமா நின்றார். நடுவில் மலை மாதிரி லாரி. மூலை அவள் கண்ணுக்குத் தெரியவில்லை. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. அங்கே நிற்பது யார்? மாமா!

லாரி உறுமிக்கொண்டே திரும்பியது. வால்பக்கம் கட்டத்தைத் தொடவில்லை.

"மாமா?" என்று கத்தினாள்.

ஒரு மூச்சு தாமதம். பிறகு தூசிக்குள்ளிருந்து குரல். "உள்ளதான்!"

லாரி நகர்ந்ததும் அவள் ஓடிப்போய்ப் பார்த்தாள். வளைவுக் கோடு வெள்ளை வெளேரென்று முழுசாக இருந்தது. மாமா தள்ளுவண்டியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு வேறெங்கோ பார்த்தார். சந்தோஷத்தில் கண் கலங்கி நிற்கிறார் என்று நினைத்தாள். தனக்கும் கலங்கியது. மேலதிகாரிக்கு ஃபோன் போட்டு, "பாஸ் சார்" என்றாள். அந்த இரண்டு வார்த்தை அவளுக்கு முன்னால் வீடு போய்ச் சேர்ந்துவிட்டது.

அக்கா வாசலிலேயே நின்றாள். எதையும் திட்டம் போடாதவள், நாளைக்கு இருப்போமோ மாட்டோமோ என்று பேசியே பழகியவள், மூச்சு விடாமல் பேசினாள். "நடந்தே போவேன்டி. உங்க மாமாவோட அந்த டப்பா வண்டியில இனிமே ஏறவே மாட்டேன். வரும்போது காய்கறி வாங்கிட்டு, கதை பேசிட்டு மெதுவா வருவேன். தெம்பு இருந்தா சாயங்காலம் உன் ஆபீசுக்கும் வந்து ஃபேனுக்குக் கீழ உக்காருவேன். என்ன பாக்கறே? சிரிடி!"

சிரித்தாள். எத்தனை நாளாயிற்று அக்கா 'சாயங்காலம்' என்று ஒன்றைப் பற்றிப் பேசி!

மறுநாள் நகராட்சிக் கூட்டம். அதற்கு வேண்டியதை எழுதி முடித்துவிட்டு, வெயில் தாழ்ந்ததும் கடைத்தெருவுக்கு நடந்தாள். ஒரு ஹோட்டல் வாசலில் அதே தண்ணீர் லாரி நின்று தொட்டியை நிரப்பிக்கொண்டிருந்தது. டிரைவர் கையை ஆட்டினார். இவளும் ஆட்டினாள். ஆட்டிய கை பாதியில் நின்றது.

பின் சக்கரம். சுவர் மூலை இருந்த பக்கத்துப் பின் சக்கரம். அதன் பட்டைகளுக்கு இடையில் வெள்ளையாக அப்பியிருந்தது.

கிட்டப் போய் விரலால் தொட்டாள். சுண்ணாம்பு.

"அண்ணே, மைதானத்துக்கு அப்புறம் வேற எங்கயாவது போனீங்களா? வெள்ளை அடிக்கற இடம், அந்த மாதிரி?"

"எங்க போறது? வண்டிய ஓரங்கட்டிச் சாப்பிட்டேன், அதே தண்ணியோட இங்க வந்தேன்." அவர் அவள் விரலைப் பார்த்தார். முகம் மாறியது. "மேடம், நான் முன்னாடி பாக்கறவன். பின்னாடி என்ன நடந்துச்சுன்னு பின்னாடி நின்னவங்களத்தான் கேக்கணும்."

"உங்களுக்குத் தெரியலையா?"

"ஒரு குலுக்கல் இருந்தாப்ல தோணிச்சு. நிறுத்தப் பாத்தேன். மாஸ்டர் 'வா வா'ன்னு கையக் காட்டினாரு. மாஸ்டரே காட்டும்போது நான் யாரு?"

அவள் நடக்கவில்லை, ஓடினாள். மைதானத்தில் இன்னும் வெளிச்சம் இருந்தது. வளைவுக் கோட்டின் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்து, உள்ளங்கையால் மேல் சுண்ணாம்பை மெதுவாக விலக்கினாள். வெள்ளைக்கு அடியில் அமுங்கிய வெள்ளை. அதில் டயரின் தடம், அச்சுக் குத்தினாற்போல. கோட்டின் இந்தப் பக்கத்திலிருந்து ஏறி, அந்தப் பக்கம் இறங்கியிருந்தது. அதன்மேல் யாரோ புதிதாகத் தூவி, பக்கத்து மண்ணைக் காலால் சமன் செய்திருந்தார்கள். அழகாக. பழகிய கை.

விளையாட்டுச் சாமான் அறையில் விளக்கு எரிந்தது. மாமா கிழிந்த வலை ஒன்றை மடியில் போட்டு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். அவள் வெள்ளைக் கையை நீட்டினாள். அவர் பார்த்துவிட்டு மறுபடி வலையில் குனிந்தார்.

"ஒரு ஜாண்" என்றார். "ஒரு ஜாண்தான் தாண்டிச்சு."

"மாமா."

"நிஜ சுவரா இருந்தா டிரைவர் கொஞ்சம் ஒடிச்சுத் திருப்பியிருப்பான். சமாளிச்சுருவான்."

"ஒரு ஜாண்னாலும் சுவரு இடிச்சா லாரி திரும்பாது மாமா. நிறுத்தி ரிவர்ஸ் எடுப்பான். தெனம் எடுப்பான். பின்னாடி நிக்கறது யாரு? உங்க பசங்க."

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

அவர் வலையைக் கீழே எறிந்தார். வாழ்க்கையில் அவளிடம் குரல் உயர்த்தாதவர் உயர்த்தினார். "என்ன பேசற நீ? அந்தக் கார்ல அவ பக்கத்துல உக்காந்து நீ எத்தனை தடவை போயிருக்க? நான் போறேன். ஒரு நாளு பாதி வழியில நிறுத்தச் சொன்னா. வாந்தி எடுத்துட்டு, 'திருப்புங்க, வீட்டுக்குப் போலாம், இது போதும்'னா. நான் திருப்பல. கெஞ்சிக் கூட்டிட்டுப் போனேன். அடுத்த தடவை சொன்னா கெஞ்ச எனக்குத் தெம்பு இல்ல. புரியுதா என்ஜினியரம்மா?"

அக்கா அப்படிச் சொன்னது அவளுக்குத் தெரியாது. மாடி அறையில் இருந்துகொண்டு, காபி குடித்துக்கொண்டு, அவளுக்கு எதுவுமே தெரிந்திருக்கவில்லை!

"பசங்கள ஓரமா நிக்கச் சொல்லுவேன்" என்றார் மாமா, தணிந்து. "தெனம் நானே போய் நிப்பேன்."

"நீங்க நிக்காத ஒரு நாள் வருமே மாமா."

அவர் வலையை எடுத்து மறுபடி மடியில் போட்டுக்கொண்டார். அவள் வெளியே வந்தாள். வீட்டுக்குள் அக்கா யாரோ சிநேகிதியிடம் ஃபோனில் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தது படிக்கட்டு வரை கேட்டது. "ஆமாங்கறேன், நடந்தே போலாமாம்!"

அந்த ராத்திரி பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. விடிந்தது, அவ்வளவுதான்.

கூட்ட அறையில் முன்வரிசை முழுக்க நோயாளிகள். அக்கா நடுநாயகமாக, நல்ல புடவையில். பின்வரிசையில் மாமா. கதவோரம் தண்ணீர் லாரிக்காரர். மைதானத்துச் சோதனை எதுவானாலும் மறுநாள் டிரைவரும் வந்து சொல்ல வேண்டும் என்பது அவள் போட்ட வழக்கம். ஆஸ்பத்திரிக்காரர்கள் சார்பில் ஒரு மேனேஜர், மரத்தில் செய்த குட்டிக் கட்டிடத்தை மேஜைமேல் வைத்திருந்தார். எல்லாரும் அதைப் பார்த்துப் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள்.

நகராட்சித் தலைவரம்மா, "சம்பிரதாயத்துக்கு ஒரு வார்த்தை சொல்லிடுங்க மேடம், முடிச்சுரலாம்" என்றார்.

அவள் எழுந்தாள். "நேத்து நான் பாஸ்னு சொன்னேன். அது தப்பு. லாரி கோட்டைத் தாண்டிச்சு. மூலைச் சுவரை உள்ள தள்ளாம இதைக் கட்ட விடக்கூடாது."

ஒரே இரைச்சல்.

"மூலையிலதான் பம்ப் ரூம் இருக்கு!" என்று மேனேஜர் குதித்தார். "அதைத் தள்ளினா அடித்தளத்துல இருந்து எல்லாம் மாறும். நாங்க வேற ஊரப் பாத்துக்கறோம்!"

"நேத்து கண்ணு தெரிஞ்சுது, இன்னைக்கு தெரியலையா?" என்றார் ஒரு கவுன்சிலர். "சொந்த அக்கா நல்லா இருந்தா பொறுக்காதா உங்களுக்கு?"

அவள் அக்காவைப் பார்க்காமல் இருக்கப் பார்த்தாள். முடியவில்லை. அக்காவின் முகத்தில் கோபம்கூட இல்லை. கடையில் பெண்டாட்டிக்குப் புடவை எடுத்துவிட்டுப் பையைத் தொலைத்தவன் மாதிரி, எங்கே போயிற்று எங்கே போயிற்று என்று தேடுகிற முகம்.

"எப்படித் தப்பாச்சுன்னு சொல்லுங்க" என்றார் தலைவரம்மா, கறாராக.

சொல்லலாம். ஒரு வாக்கியம்தான். சொன்னால் மாமாவின் பேர் போய்விடும். "நான் நின்ன இடத்துல இருந்து மூலை தெரியல" என்றாள். அது பொய் இல்லை.

"அப்போ தாண்டலைன்னு சொன்னது யாரு?"

அவள் மேஜைமேலிருந்த மரக் கட்டிடத்தைப் பார்த்தாள். பின்வரிசையில் நாற்காலி கிறீச்சிட்டது.

"நான்" என்றார் மாமா. "தாண்டிச்சு. பாத்தேன். தடத்து மேல சுண்ணாம்பு தூவினது நான்தான். அவளுக்குத் தெரியாது."

யாரும் கத்தவில்லை. அதுதான் கொடுமை. அந்த அறையில் பாதிப் பேர் அவரிடம் விளையாடி வளர்ந்தவர்கள். அந்தக் கவுன்சிலரும்தான். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

அக்கா மட்டும் திரும்பிப் புருஷனைப் பார்த்தாள். பிறகு தங்கையைப் பார்த்தாள். "இவர் சொல்றது, அவ சொல்றது, எதையும் நான் நம்ப மாட்டேன். மறுபடி ஓட்டச் சொல்லுங்க. என் கண்ணால பாக்கணும்."

மைதானம் அலுவலகத்துக்கு அடுத்த வாசல். கூட்டம் மொத்தமும் நடந்தது. மாமா தள்ளுவண்டியைத் தொட மாட்டேன் என்று கையைக் கட்டிக்கொண்டார். அவளே கோடு போட ஆரம்பித்தாள். அளவுக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு மேலதிகாரி. கோடு பாம்பு மாதிரி நெளிந்தது. நெளிய நெளிய மாமாவின் கால் தரையில் தாளம் போட்டது. கடைசியில் பொறுக்காமல், "கோணுதும்மா, கோணுது! குடு இங்க!" என்று பிடுங்கிக்கொண்டார். இரண்டு பேர் சிரித்தார்கள். சட்டென்று நிறுத்தியும் கொண்டார்கள்.

லாரி வந்தது, தொட்டி நிறையத் தண்ணீரோடு. எல்லாரும் தள்ளி நின்றார்கள். அக்கா ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்க முடியாமல் இழுத்துக்கொண்டு நேரே பஸ் ஸ்டாப் கட்டத்துக்குள் போய்ப் போட்டு உட்கார்ந்தாள்.

"அக்கா, எந்திரி. அங்க யாரும் இருக்கக் கூடாது."

"பஸ் ஸ்டாப்தானே? உக்காரத்தானே போட்டிருக்கு?"

"அக்கா, விளையாடாத."

"ஒரே வளைவுல திரும்பிடும்னு அவங்க பேப்பர்ல இருக்குல்ல? அப்போ இங்க வராது. வராதுன்னா நான் ஏன் எந்திரிக்கணும்? நீ போய் உன் மூலையில நில்லு. இன்னைக்காவது பாரு."

தலைவரம்மாவே போய் கையைப் பிடித்தார். அக்கா உதறினாள். டிரைவர் ஏற்கெனவே வண்டியை எடுத்துவிட்டார். அத்தனை உயரத்திலிருந்து அவருக்கு முன்பக்கம்தான் தெரிந்தது. சுண்ணாம்பு மேடம் ஒரு கணம் இங்கேயா அங்கேயா என்று தவித்துவிட்டு, அக்கா சொன்ன மாதிரியே மூலைக்கு ஓடினாள்.

லாரி திரும்பியது. முன் சக்கரம் கோட்டைத் தொடாமல் மூலையைக் கடந்தது. பின் சக்கரம் மெல்ல, மெல்ல, கோட்டை நோக்கிச் சாய்ந்தது. அவள் தன்னை அறியாமல், 'தாண்டாதே, தாண்டாதே' என்று முணுமுணுத்தாள். ஆமாம், அவளேதான்! அந்தக் கணத்தில் அவளைவிட அந்த லாரி திரும்ப வேண்டும் என்று விரும்பியவர் அந்த மைதானத்தில் யாரும் இல்லை.

சக்கரம் கோட்டில் ஏறியது.

"நிறுத்துங்க!" என்று கையைத் தூக்கினாள். "சுவர்!"

டிரைவர் நிறுத்தினார். சுவர் என்றால் டிரைவர் என்ன செய்வார்? இருபது வருஷமாகச் செய்வதைச் செய்தார். கை தானாக கியரை மாற்றியது. லாரி பின்னால் நகர ஆரம்பித்தது, பீப் பீப் என்று, பஸ் ஸ்டாப்பை நோக்கி, அக்காவை நோக்கி.

எல்லாரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். ஒருத்தர் கத்தலும் இன்னொருத்தருக்குக் கேட்கவில்லை, டிரைவருக்கு எதுவுமே கேட்கவில்லை. அக்கா எழுந்திருக்கப் பார்த்தாள். கைப்பிடியை ஊன்றினாள். முழங்கால் மடங்கியது. மறுபடி ஊன்றினாள். அவள் தங்கை இந்தக் கோடியிலிருந்து ஓடினாள், ஆனால் நடுவில் அந்த லாரி முழுசும் இருந்தது.

மாமாவின் விசில்! காதைக் கிழிக்கிற மாதிரி ஒரே விசில், நீளமாக. அந்த ஊரில் பிறந்த எவனும் அந்தச் சத்தத்துக்கு நிற்காமல் இருந்ததில்லை. லாரிக்காரரும் அங்கே படித்தவர்தான். வண்டி குலுங்கி நின்றது. உள்ளே தண்ணீர் மட்டும் தளும்பிக்கொண்டே இருந்தது.

நாற்காலிக்கும் லாரிக்கும் நடுவே நல்ல இடைவெளி இருந்தது. ஆனால் யாரும் அந்த இடைவெளியைப் பார்க்கவில்லை. எழுந்திருக்க முடியாத ஒருத்தியைப் பார்த்தார்கள்.

மாமா ஓடிவந்து தூக்கப் போனார். அக்கா கையைத் தட்டிவிட்டாள். தானே, மெதுவாக, இரண்டு தடவை முயன்று எழுந்தாள். நாற்காலியைக் கட்டத்துக்கு வெளியே இழுத்துப் போட்டாள். மேனேஜரைப் பார்த்து, "உங்க பம்ப் ரூம தள்ளிக் கட்டுங்க தம்பி" என்றாள். "நானாச்சும் பாத்துட்டே இருந்தேன். பசங்க ஃபோனப் பாத்துட்டு நிப்பாங்க."

அதற்குமேல் வாக்கெடுப்பில் பேச ஒன்றும் இல்லை. வரைபடம் திருத்தத்துக்காகத் திருப்பி அனுப்பப்பட்டது. மேனேஜர் வேறு ஊருக்குப் போகவில்லை. மூலையை வெட்டிப் புது வரைபடம் கொண்டுவருவதாக ஒப்புக்கொண்டார். எப்போது என்றதற்கு, அடித்தளம், மண், ஒப்பந்தம் என்று என்னென்னவோ சொன்னார். சீக்கிரம் என்று மட்டும் சொல்லவில்லை.

மாமா அந்த வாரமே இனி நடுவராக இருக்கமாட்டேன் என்று பள்ளியில் சொல்லிவிட்டார். யாரும் அவரைக் கேட்கவில்லை, அவரே சொன்னார். அதன்பிறகு சுண்ணாம்பு மேடம் ஒரு காரியம் செய்தாள். வாரத்தின் மூன்று ஆஸ்பத்திரிப் பயணத்தில் ஒன்றைத் தன்னுடையதாக்கிக்கொண்டு, அந்த நாளுக்கு விடுப்பு எழுதி வாங்கினாள். மேலதிகாரி, "அப்போ இங்க நானும் ஃபேனும்தான்" என்று கையெழுத்துப் போட்டார்.

முதல் நாள் அக்கா முன்சீட்டில் உட்காரவில்லை. பின்னால் ஏறி, பையைப் பக்கத்தில் வைத்து, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் மெஷின் ஓடும்போது கண்ணை மூடிக்கொண்டாள். தங்கை முதல் தடவையாக முழுசும் உட்கார்ந்து பார்த்தாள். அந்தக் குழாய்களில் அக்கா சிவப்பாக வெளியே போய்ச் சிவப்பாக உள்ளே வருவதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

திரும்பும்போது ஒரு வேகத்தடையில் பின்சீட்டிலிருந்து முனகல் வந்தது. அவள் காரை ஓரம் கட்டினாள். "அக்கா, தண்ணி வேணுமா?"

"வேணாம்."

"கோவமா இருக்கியா இன்னும்?"

"நீ பண்ணது சரின்னு தெரியும். அதுக்காக எனக்குக் கோவம் போயிடுமா?" அக்காவின் குரல் ஒரு இழையாக இருந்தது. "நடந்து போலாம்னு இருந்தேன்டி. செருப்புகூடப் பாத்து வெச்சுட்டேன்."

அவள் கண்ணாடியில் பார்த்தாள். அக்கா கண்ணைத் துடைக்கவில்லை. துடைக்கவும் தெம்பு இல்லை.

"போதும்னு தோணிச்சுன்னா மாமாகிட்ட சொல்லாத" என்றாள் தங்கை. "என்கிட்ட சொல்லு. நான் கெஞ்சுவேன். எனக்குத் தெம்பு இருக்கு."

பக்கத்தில் வண்டிகள் போய்க்கொண்டே இருந்தன.

"கெஞ்சறது இருக்கட்டும்" என்றது பின்சீட்டு. "எனக்குத் தூக்கம் வருது. மெதுவா ஓட்டு."

அவள் மெதுவாக ஓட்டினாள். மாட்டுவண்டிகூட முந்திப் போகிற வேகத்தில். பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள், முந்தும்போது ஜன்னலை இறக்கித் திட்டினார்கள். சாலையின் போக்குவரத்துக்கே அவள்தான் அன்றைக்கு இடைஞ்சல். அவள் வேகத்தைக் கூட்டவே இல்லை.